பாலம் தெரியும் ஜன்னல்

அத்தியாயம் 11

அந்தச் சிவப்புப் போர்வை என்னுடையது. நான்தான் காயப்போட்டேன். நான்தான் துடைத்தேன்.

வாய்விட்டுச் சொன்னால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். அவள் சொல்லவில்லை. கைப்பையை இறுகப் பிடித்தபடி, தெருமுனையில் ராத்திரியோடு ராத்திரியாக முளைத்திருந்த விளம்பரப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதிர்ச்சாரியில் வரப்போகும் அடுக்குமாடிக் கோபுரம் அந்தப் பலகையில் பளபளவென்று நின்றது. கோபுரத்தின் காலடியில் புல்வெளி. புல்வெளியில் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு நாய். அந்த நாய் முன்னங்காலைத் தூக்கி வைத்திருந்த இடத்தில்தான் நிஜத்தில் அவளுடைய வீடு இருந்தது.

"பார்த்துட்டீங்களா?"

தரைத்தளத்துத் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"நம்ம கட்டடத்தையே காணோம். உங்க ஆபீஸ்ல போட்ட படம்தானே?"

"ஆமாங்க."

"என் கடை மேல நாயை நடக்க விட்டிருக்கீங்க. போகட்டும், கடிக்கிற நாய் மாதிரி தெரியல."

அவர் சிரித்தார். அவளுக்கும் சிரிக்க வந்திருக்க வேண்டும். முகம் ஒத்துழைக்கவில்லை.

அவளுடைய வேலை படம் போடுவது. இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோலக் கணினியில் காட்டுவது. மேலேயிருந்து எடுத்த நிஜப் புகைப்படத்தை முதலில் வைத்துக்கொள்வார்கள். அதில் புதுக் கட்டடத்தை நடுவார்கள். பிறகு சுற்றியிருப்பதில் பழையது, அழுக்கானது, குறுக்கே நிற்பது எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புல்லும் மரமும் வைப்பார்கள். அலுவலகத்தில் அதற்குத் துடைப்பு என்று பெயர். துடைப்பில் அவளை அடிக்க ஆளில்லை.

போன மாதம் அந்தப் படத்தைத் துடைத்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஓரத்தில் ஒரு கறை படிந்த மொட்டைமாடி. அதில் ஒரு சிவப்புப் புள்ளி. எவ்வளவு புல்லைக் கொண்டுபோய் வைத்தாலும் அந்தச் சிவப்பு மட்டும் விளிம்பில் கசிந்துகொண்டேயிருந்தது. "சனியன், போக மாட்டேங்குதே" என்று முணுமுணுத்தபடி, காப்பி ஆறிப்போகும்வரை உட்கார்ந்து அதை எடுத்தாள்.

தன் வீட்டை அவள் மேலேயிருந்து பார்த்ததேயில்லை. யார்தான் பார்த்திருக்கிறார்கள்? படியேறி, மூச்சு வாங்கி, செருப்பைக் கழற்றி உள்ளே போகிற இடம் அது. வானத்திலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் அடையாளம் தெரியவில்லை. கை பழக்கத்தில் துடைத்துவிட்டது.

தப்பு என்று இதை யாரும் சொல்லப்போவதில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. படம் பிரமாதம் என்று மேலதிகாரி பாராட்டியிருந்தார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கைப்பேசி அடித்தது. பார்சல் கொண்டுவருகிறவர்.

"மேடம், குடை டேங்க்குக்கு எதிர்ச் சந்துன்னு போட்டிருக்கீங்க. டேங்க்கே இல்லையே இங்க."

"இடிச்சிட்டாங்க. போன மாசம்."

"அப்போ நான் எதுக்கு எதிர நிக்கிறது?"

விரித்த குடைபோல ஒற்றைக் காலில் நின்ற அந்தத் தண்ணீர்த் தொட்டியை வைத்துத்தான் ஊரே வழி சொல்லிக்கொண்டிருந்தது. இப்போதும் அதை வைத்துத்தான் சொல்கிறது. இல்லாததற்கு எதிரில், இல்லாததைத் தாண்டி, இல்லாததற்கு இடப்பக்கம்.

"ஒரு பெரிய போர்டு தெரியுதா? நாய் போட்ட போர்டு?"

"தெரியுது."

"அந்த நாய்க்கு நேரா உள்ள வாங்க."

வைத்துவிட்டாள். இன்று முதல் அவர்கள் வீட்டுக்கு அந்த நாய்தான் அடையாளம். அதுவும் அவள் கைவேலை.

*

வீட்டில் புகைச்சல் ஆரம்பித்தது போன வாரம். அவர்கள் குடியிருந்த, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிப் பழைய கட்டடத்தையும் இடித்து, அதே இடத்தில் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்று எதிர்ச்சாரிக் கோபுரத்து நிறுவனமே கேட்டிருந்தது. எல்லா வீட்டுக்காரர்களும் சரி என்று சொல்லியாயிற்று. மூன்றாவது மாடியில் ஒரே ஒருத்தர் மட்டும் பாக்கி.

அந்த ஒருத்தர் அவளுடைய மாமியார். வீடு அத்தையின் பெயரில் இருந்தது.

அத்தைக்கு முழங்கால் போய்விட்டது. படி இறங்கி எத்தனையோ காலம் ஆகிறது. சமையலறை ஜன்னல்தான் அவருக்குத் தெரு, கடை, அக்கம்பக்கம் எல்லாம். பின்பக்கத்து மரக்கடையின் தகரக் கூரைக்கு மேலே ஆறு தெரியும், ஆற்றுக்கு மேலே பாலம் தெரியும். சாயங்காலம் பச்சை பஸ் பாலத்தில் திரும்பினால் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் ஏறும். மகனும் மருமகளும் படியேறி வரும்போது தம்ளரில் ஆவி பறக்கும். கடிகாரம் பார்த்து அத்தை தேநீர் போட்டதே இல்லை.

கொழுந்தன், கட்டடச் சங்கத்துச் செயலாளர், போன வாரம் நடுக்கூடத்தில் நின்று லிஃப்ட், பார்க்கிங், கசியாத கூரை என்று அடுக்கிக்கொண்டே போனான். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"எனக்குப் பாலம் தெரியணும். தெரியுமான்னு நீ சொல்லாத. உனக்கு விக்கிறவங்க வாய் வந்திடுச்சு. அவ சொல்லட்டும். அவதானே படம் போடுறா. தெரியும்னு அவ சொன்னா அன்னைக்கே கையெழுத்து."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்ன சொன்னாள்?

"பார்க்கிறேன் அத்தை."

*

அவள் வாழ்க்கையில் அதிகம் செலவழித்த வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். பெண் பார்க்க வந்தபோது அப்பா கேட்டதற்குப் பார்க்கிறேன் என்றாள், கல்யாணம் நடந்துவிட்டது. ஓவியம் படித்தவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டபோது பார்க்கிறேன் என்றாள், வருஷக்கணக்காகத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஆமாம் என்ற பொறுப்பும் இல்லை, இல்லை என்ற பகையும் இல்லை. அந்த இடைவெளியில் மற்றவர்கள் நுழைந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. கதவைத் திறந்து வைத்தவள் அவள்தான்.

அலுவலகத்தில் மேலதிகாரி அவள் வருவதற்காகவே காத்திருந்ததுபோல நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்க கட்டடத்தோட வேலை வந்திருக்கு. உங்களுக்கு ராசி பாருங்க. மூணாவது மாடி, பின்பக்கச் சமையலறை ஜன்னல். அங்கிருந்து என்ன தெரியும்னு ஒரே ஒரு படம். யாரோ ஒரு பெரியம்மா பிடிவாதம் பிடிக்கிறாங்களாம்."

அந்தப் பெரியம்மா யார் என்று அவள் சொல்லவில்லை. கோப்பைத் திறந்தாள். மரக்கடை இருந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு பெட்டி நின்றது. திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெட்டி ஜன்னலுக்கு நேர் எதிரில், ஆற்றை முழுதாக மறைத்துக்கொண்டு, மேலே மேலே போனது.

"சார், இது என்ன?"

"ரெண்டாவது கோபுரம். மரக்கடையை வாங்கியாச்சு. அடுத்த கட்டம்."

"அப்போ ஜன்னல்ல இருந்து பாலம் தெரியாதே."

"அது இன்னும் அறிவிக்கலையே." மேலதிகாரி பொறுமையாகச் சொன்னார். "அறிவிக்காததை நாம எப்படி வரையறது? அந்தப் பெட்டியை மறைச்சு வெச்சிட்டு வரைஞ்சிடுங்க. ஆறு, பாலம், சாயங்கால வெளிச்சம். பொய் இல்லையே, இன்னைக்குத் தேதிக்கு அதுதானே தெரியுது?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரிதான். இன்றைய தேதிக்குப் பொய் இல்லை. அவர்கள் போட்ட எந்தப் படமும் பொய் இல்லை. புல் வைத்த இடத்தில் ஒருநாள் புல் வரலாம். நாயும் வரலாம்.

"இந்த ரெண்டாவது கோபுர விஷயம் வெளிய போகக்கூடாது" என்று எழுந்துகொண்டே சொன்னார் அவர். "உங்க கட்டடத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் யார் சொன்னதுன்னு நான் தேட வேண்டியதில்லை பாருங்க. சாயங்காலத்துக்குள்ள ஆயிடுமா?"

"பார்க்கிறேன் சார்."

வார்த்தை வெளியே வந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்து மேசையில் அவள் சிநேகிதி, படங்களுக்கு வானம் போடுகிறவள், நாற்காலியோடு உருண்டு வந்தாள். மழை மேகத்தை எடுத்துவிட்டு மாலைச் செவ்வானம் வைப்பதில் கைகாரி.

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

"எங்க வீட்டை நான் துடைச்சிட்டேன்."

"நான் எங்க மாமா கடையையே துடைச்சேன். அவர் வீட்டுக் கல்யாணத்துல எனக்குச் சாப்பாடே போடல." சிநேகிதி அவள் திரையை எட்டிப் பார்த்தாள். "இது உங்க அத்தை ஜன்னலா? அந்த டீ ஜன்னலா?"

எப்போதோ ஒரு மதியம் சாப்பிடும்போது சொன்ன கதை. பச்சை பஸ், பாலம், கொதிக்கும் தண்ணீர். ஞாபகம் வைத்திருக்கிறாள்.

"அதேதான்."

"பாவம்ப்பா. வேணும்னா நான் போட்டுத் தரேன். நீ இன்னைக்கு எதையும் தொடாத."

அவள் கோப்பை மூடினாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மதியத்துக்கு மேல் வேறொரு ஆஸ்பத்திரிப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வாசலில் நோயாளிகளே இல்லாமல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

*

சாயங்காலம் மருந்துக்கடை வாசலில் கணவன் காத்திருந்தான். அங்கேதான் அவனுக்கு வேலை. இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவது வழக்கம். அவன் கையில் அம்மாவின் முழங்கால் தைலம்.

உட்கார இடம் கிடைத்ததும் அவள் சொன்னாள். நீலப் பெட்டியைப் பற்றி, மரக்கடையைப் பற்றி, மேலதிகாரி சொன்னதைப் பற்றி. தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அவன் தைலப் புட்டியின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தான்.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றான் கடைசியில்.

"ஏங்க?"

"போன வாரம் அடுப்பு மேல காரை பெயர்ந்து விழுந்துச்சே, அம்மா தலையில விழுந்திருந்தா? படியில தூக்கிட்டு ஓடுவோமா? லிஃப்ட் வந்தா அம்மா கீழ இறங்குவாங்க. நடப்பாங்க. பாலத்தைப் போய் நேர்லயே பார்ப்பாங்க. ஜன்னலுக்காகவா அவங்க மூணாவது மாடியிலேயே அடைஞ்சு கிடக்கணும்?"

அவன் கெட்டவனாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவன் சொல்வது முழுவதும் நியாயம். அந்த நியாயத்துக்கு நடுவில் ஒரே ஒரு பொய் தேவைப்படுகிறது, அதை அவள் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணன் தம்பி இருவருக்கும் வாய் இருக்கிறது. ஆனால் அத்தை நம்புவது இவள் வாயை.

"உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்களேன். ஜன்னல் போயிடும், லிஃப்ட் வரும், யோசிங்கன்னு."

"சொன்னா கையெழுத்துப் போடவே மாட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

பஸ் பாலத்தில் திரும்பியது. பழக்கத்தில் இருவருமே ஜன்னல் பக்கம் குனிந்தார்கள். மரக்கடைக் கூரைக்கு மேலே, இருட்டத் தொடங்கிய கட்டடத்தில், மூன்றாவது மாடியில் மஞ்சளாக ஒரு சதுரம். அதில் ஒரு நிழல் அசைந்து உள்ளே போனது. தண்ணீர் ஏறிவிட்டது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டானா, வெறுமனே முகத்தைத் தடவினானா என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

*

மேசையில் தம்ளர்கள் நாலு இருந்தன. கொழுந்தன் அவர்களுக்கு முன்பே வந்திருந்தான்.

"வாங்க அண்ணி. அம்மாவுக்கு இன்னைக்கு உங்களைப் பத்தித்தான் பேச்சு."

"என்னைப் புல்லாக்கிட்டியாமே" என்றார் அத்தை சமையலறையிலிருந்து. "தையல்காரர் பொண்டாட்டி போன்ல சொன்னா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை. நான் சொன்னேன், புல்லா இருந்தா நல்லதுதான்டி, யாரும் மாடி ஏறு இறங்குன்னு உயிரை வாங்க மாட்டாங்கன்னு."

"தெரியாம பண்ணிட்டேன் அத்தை."

"தெரிஞ்சு பண்ணியிருந்தா நம்ம மாடியை மட்டுமாவது விட்டிருப்பே. போ, கை கழுவிட்டு வா."

அத்தை சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து உட்கார்ந்தார். உட்காரும்போது முழங்காலில் எழுந்த வலியை முகம் காட்டியது, வாய் காட்டவில்லை. கணவன் தைலத்தை மேசைமேல் வைத்தான். எல்லோரும் முதல் வாய் குடிக்கும்வரை கொழுந்தன் பொறுத்திருந்தான். பிறகு கைப்பேசியை எடுத்து அம்மாவின் முன்னால் சாய்த்து வைத்தான்.

"படம் வந்திருச்சும்மா. அண்ணி ஆபீஸ்ல இருந்து. நம்ம புது வீட்டுச் சமையலறை ஜன்னல்."

அவள் நாற்காலியை முன்னால் நகர்த்தினாள். எட்டிப் பார்த்தாள்.

அழகான படம். வெள்ளைச் சட்டம் போட்ட பெரிய ஜன்னல். மேடையில் ஒரு செடி. வெளியே ஆறு, செவ்வானம், பாலம். பாலத்தின் திருப்பத்தில், நகத்தளவுக்கு, பச்சையாக ஒரு பஸ்.

வானம் போடுகிறவள் வாக்குக் கொடுத்தபடி செய்திருக்கிறாள். அன்பால் செய்திருக்கிறாள். அந்த பஸ்ஸை வேறு யாராலும் வைத்திருக்க முடியாது.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கைப்பேசியை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பஸ் போகுதே."

"பார்த்தீங்களா? நீங்க பாட்டுக்கு நின்ன இடத்துல நின்னு தண்ணி வைக்கலாம்" என்றான் கொழுந்தன். தாளையும் பேனாவையும் மேசையில் எடுத்து வைத்தான். அவசரப்படுத்துகிறவன்போல இல்லாமல், தட்டில் எதையோ பரிமாறுகிறவன்போல வைத்தான்.

"பச்சை பஸ்" என்றார் அத்தை மறுபடியும். "இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அத்தை நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

"நீ போட்டியா?"

"இல்ல அத்தை. என்கூட வேலை பார்க்கிறவ."

"யார் போட்டா என்ன. படம் எனக்குப் பிடிச்சிருக்கு." பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "இப்படித் தெரியுமா?"

கொழுந்தன் அவள் பக்கம் திரும்பினான். அவன் குரலில் கெஞ்சலும் இருந்தது, களைப்பும் இருந்தது. எத்தனை வீட்டுக் கதவைத் தட்டி எத்தனை பேரிடம் பேசியிருப்பான்.

"ஒரே வார்த்தை அண்ணி. ஆமான்னு சொல்லிடுங்க. எல்லாருக்கும் நல்லது. அம்மாவுக்கும்தான்."

கணவன் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அடியில் ஏதோ எழுதியிருப்பதுபோல அவ்வளவு கவனமாக.

ஆமாம் என்றால் லிஃப்ட் வரும். இல்லை என்றால் ஏன் என்ற கேள்வி வரும், நீலப் பெட்டி வெளியே வரும், நாளைக்கு அவள் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து துடைப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்குப் பழக்கமான அந்த இடைவெளி இருந்தது. அந்த வார்த்தை நாக்கில் வந்து உட்கார்ந்தே விட்டது. அதைச் சொன்னால் போதும். அத்தை அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்வார். கொழுந்தன் எடுத்துக்கொள்ள வைப்பான். அவள் பொய் சொன்னதாகவும் ஆகாது.

இத்தனை வருஷமும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அழித்தது எதையும் அவள் அழிக்கிறேன் என்று சொல்லி அழித்ததில்லை.

அந்த வார்த்தையை விழுங்கினாள். தேநீரோடு சேர்த்து விழுங்கினாள்.

"அத்தை, அந்தக் கேள்வியை என்கிட்ட கேட்காதீங்க."

"உன்கிட்டதான் கேட்பேன். வேற யாரைக் கேட்கிறது?"

"ஆமான்னு நான் சொல்ல மாட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. கணவன் தலையை நிமிர்த்தினான். அவன் முகத்தில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

அத்தை பேனாவைக் கீழே வைக்கவில்லை. மூடவும் இல்லை. கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணைச் சுருக்கி மருமகளைப் பார்த்தார். தூரத்தில் பாலத்தில் வருவது எந்த பஸ் என்று பார்க்கும்போது அப்படித்தான் பார்ப்பார்.

"நீயா சொல்ல மாட்டியா, யாராவது சொல்லக் கூடாதுன்னாங்களா?"

"அண்ணி..." என்றான் கொழுந்தன்.

அவள் எழுந்து, காலியான தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் அடுக்கினாள்.

"சொல்ல மாட்டேன் அத்தை" என்றாள்.